சோம்பல் இல்லை, அசதி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் கிடையாது. "உன் தைராய்டு கதையைச் சொல்லு, நாலு பேருக்குப் பயன்படும்"னு தலைவி அக்கா சொன்னதால வந்தேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க ஊரு மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவுல இருக்கு. வீட்டுக்காரர் மாமல்லபுரத்துல ஒரு சிற்பக்கூடத்துல கல் வேலை செய்யறார். ரெண்டு பிள்ளைங்க, அத்தை, ஒரு கறவை மாடு. காலையில நாலரைக்கு எழுந்தா ராத்திரி பத்து மணிக்குத்தான் படுக்கை. வேதகிரீஸ்வரர் மலைப் படியை எங்கயும் உட்காராம ஏறுவேன்.

அப்படி இருந்த எனக்கு நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அசதி வந்தது. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரியே இருக்கும். ஒரு குடம் தண்ணி தூக்கினா கை துவண்டு போகும். சாப்பாடு குறைஞ்சும் எடை ஏறிச்சு. சித்திரை வெயில்லயும் எனக்குக் குளிரும். முடி கொத்துக் கொத்தா வந்தது, குரல் கரகரன்னு ஆச்சு, மலச்சிக்கல் வேற. மாதவிலக்கு ஏழெட்டு நாள் நிக்காம போகும். "உடம்பு போட்டுட்டா, வேலை ஓட மாட்டேங்குது"ன்னு அக்கம்பக்கத்துல பேசினாங்க. சோம்பேறின்னு என் காதுபடவே சொன்னாங்க. நானும் அப்படித்தான் போலன்னு நம்பிட்டேன்.

ஏழாவது படிச்ச என் பெரிய பொண்ணு மாட்டுக்குத் தீனி வெச்சு, தம்பியைக் கிளப்பி, சோறு வடிச்சுட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவா. ஒரே மாசத்துல ஆறு நாள் லீவு போட்டுட்டா. அது எனக்கு இன்னைக்கும் உறுத்துது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு நடந்தது. இங்க எங்க சங்கத்துக்காரங்க இருக்காங்க, அவங்களுக்குத் தெரியும். அப்ப நான் சங்கத்துப் பிரதிநிதி. வங்கித் தவணை 11,400 ரூபாயை எல்லார்கிட்டயும் வாங்கி நான்தான் கொண்டு போய்க் கட்டணும். வாங்கினேன். ஆனா கட்டலை. பணத்தை எங்கே வெச்சேன்னும் தெரியலை. தேடாத இடம் இல்லை. ஒன்பதாம் நாள் எங்க அத்தை உலைக்கு அரிசி எடுக்கும்போது பானைக்குள்ள கையில தட்டுப்பட்டுச்சு. நானே பத்திரமா இருக்கட்டும்னு வெச்சிருக்கேன், வெச்சது சுத்தமா நினைவுல இல்லை.

கூட்டத்துல பணத்தை வெச்சு அழுதேன். சில பேரு நம்பினாங்க. "மறந்துடுச்சாம்"னு சிரிச்சவங்களும் உண்டு. அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. அவங்க இடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். ஆனா அன்னைக்கு ராத்திரி, இனிமே சங்கமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.

அந்த வாரம் அத்தைக்குச் சர்க்கரை, பிரஷர் பார்க்க மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் வந்தாங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம் அது. அதுல வீடு வீடா வர்றவங்க நம்மள மாதிரி சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவங்க அத்தையைப் பார்த்துட்டு என் முகத்தையும் பார்த்தாங்க. "என்னக்கா, முகம் இப்படி வீங்கியிருக்கு? ஒரு தடவை ரத்தம் பாருங்க"ன்னாங்க. எங்க ஊக்குநர் அக்கா தன் வேலையை விட்டுட்டு என்னைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. டி.எஸ்.எச். 42 வந்தது. 5-க்குள்ள இருக்கணும். ஹீமோகுளோபின் 8.2.

டி.எஸ்.எச்.-னா என்னன்னு நம்ம பாஷையில சொல்றேன். சந்தா கட்டாத உறுப்பினர் வீட்டுக்கு நாம திரும்பத் திரும்ப ஆள் அனுப்புவோம் இல்லையா? அது மாதிரி, கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பி ஒழுங்கா சுரக்கலைன்னா, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி அனுப்பற ஆள்தான் டி.எஸ்.எச். அந்த எண் ஏற ஏற, தைராய்டு வேலை செய்யலைன்னு அர்த்தம். தைராய்டு குறைஞ்சா உடம்புல எல்லாமே மெதுவாகும். நடை, குடல், இதயத் துடிப்பு, ஞாபகம் எல்லாம்தான். "மறதியும் இதனாலதாம்மா"ன்னு டாக்டர் சொன்னதும் ஊக்குநர் அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

நான் டாக்டர்கிட்ட கேட்டேன், "நாங்க கடலோரத்துல இருக்கோம், மீன் சாப்பிடறோம், எங்களுக்கு எப்படி வரும்?"னு. பெரியவங்களுக்கு வர்ற தைராய்டுக் குறைவுல நிறைய பேருக்கு அயோடின் குறை காரணம் இல்லையாம், உடம்போட எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்கறதாம். அதுக்காக அயோடின் உப்பை விட்டுடக் கூடாது. கழலை நோயைத் தடுக்க நம்ம நாட்டுல 1962-லயே திட்டம் ஆரம்பிச்சாங்க. செய்யூர் பக்கத்து உப்பளத்துக் கல் உப்பு கடல் தண்ணியில விளைஞ்சதுதான், ஆனா சேர்க்காம அதுல வேண்டிய அளவு அயோடின் இருக்காது. பாக்கெட்ல 'அயோடின் கலந்தது'ன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. அதே சமயம், உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டா வந்த தைராய்டு போயிடாது.

லெவோதைராக்சின் 50 மைக்ரோ கிராம் மாத்திரை கொடுத்தாங்க. கூடவே இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை. இதுக்கு அப்புறம் நான் செஞ்ச தப்புங்களைச் சொல்லத்தான் இங்க வந்தேன்.

முதல் தப்பு. காய்ச்சல் மாத்திரை மாதிரி நாலு நாள்ல கேட்கும்னு நினைச்சேன். இருபது நாள் ஆகியும் அசதி போகலை. "இதை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது, இப்பவே விட்டுடு"ன்னு ஒருத்தர் சொன்னாங்க. விட்டுட்டேன். இந்த மருந்து உடம்புல கொஞ்சம் கொஞ்சமா நிலைக்கணும். அதனாலதான் அளவு மாத்தினா ஆறிலிருந்து எட்டு வாரம் கழிச்சு மறுபடியும் ரத்தம் பார்க்கறாங்க. நான் விட்டதால மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதாச்சு.

ரெண்டாவது தப்பு இன்னும் பெருசு. 50-ஐ 75 ஆக்கினாங்க, அப்புறம் 100 ஆக்கினாங்க. எண் இறங்கவே இல்லை, 15-லயே நின்னுச்சு. அசதியும் அப்படியே. அப்ப மருந்து கொடுக்கற இடத்துல இருந்த ஒரு அம்மா, "மாத்திரையை எப்படிச் சாப்பிடறே?"ன்னு கேட்டாங்க. "காலையில காபி குடிச்சுட்டு மூணு மாத்திரையையும் ஒரே வாயில போட்டுக்கறேம்மா"ன்னேன். அவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. முன்னாடியே சொல்லியிருப்பாங்க, அந்த மந்த புத்தியில என் காதுல ஏறலை. இரும்பு மாத்திரையும் சுண்ணாம்பு மாத்திரையும் தைராய்டு மாத்திரையை உடம்புல சேர விடாது. காபியும் குறைக்கும். தைராய்டு குறைவால மாதவிலக்கு அதிகம், அதனால ரத்த சோகை, அதுக்கு இரும்பு மாத்திரை, அந்த இரும்பு மாத்திரையே தைராய்டு மாத்திரையைத் தடுக்குது. செக்கு மாடு மாதிரி நான் ஒரே இடத்துல சுத்திக்கிட்டு இருந்திருக்கேன்.

அன்னைக்கு இருந்து மாத்திட்டேன். எழுந்ததும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியில தைராய்டு மாத்திரை. மாட்டுக்கொட்டகை வேலை முடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. மத்தியானம் சாப்பாட்டோட சுண்ணாம்பு மாத்திரை, ராத்திரி இரும்பு மாத்திரை. தைராய்டு மாத்திரைக்கும் இந்த ரெண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும். பாட்டிலை அடுப்பு மேடையில இருந்து எடுத்துத் தலைமாட்டுக்குக் கொண்டு வந்துட்டேன், சூடும் ஈரமும் அதுக்கு ஆகாது.

இதுலயும் ஒரு சோதனை வந்தது. இத்தனை நாள் பாதிதான் சேர்ந்த 100 இப்ப முழுசா சேர ஆரம்பிச்சது. ஆறு வாரத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சது, கை நடுங்குச்சு, தூக்கம் போச்சு. பழைய நானா இருந்தா மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பேன். இந்தத் தடவை தேதி வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எண் 0.1-க்கு இறங்கியிருந்தது. அளவைத் திரும்ப 75 ஆக்கினாங்க. அடுத்த தடவை பார்த்தப்ப 2.8. ஹீமோகுளோபின் 11.6-க்கு வந்தது. அளவு கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. கூட்டறதும் குறைக்கறதும் ரத்தம் பார்த்து டாக்டர் செய்யணும், நாம இல்லை.

ஆயுசுக்கும் மாத்திரையான்னு பயந்தப்ப, நர்ஸுக்குப் படிக்கற என் சித்தப்பா பொண்ணு ஒண்ணு சொன்னா. 1891-ல இங்கிலாந்துல மர்ரேன்னு ஒரு டாக்டர், ஆட்டுத் தைராய்டுல இருந்து சாறு எடுத்து, என்னை மாதிரி இருந்த ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டாராம். அந்த அம்மா அதுக்கு மேல 28 வருஷம் உயிரோட இருந்தாங்களாம். அதுக்கு முன்னாடி இதுக்கு மருந்தே இல்லை. அதைக் கேட்டப்புறம் தினமும் ஒரு சின்ன மாத்திரை எனக்குப் பாரமா தெரியலை.

எல்லாம் சரியாயிடுச்சான்னு கேட்பீங்க. பொய் சொல்ல மாட்டேன். எண் சரியான அன்னைக்கே அசதி போகலை. மெதுவாத்தான், அஞ்சாறு மாசத்துல குறைஞ்சது. இப்பவும் சில நாள் மத்தியானம் அரை மணி நேரம் படுத்தாத்தான் முடியும். படுக்கறேன், அதைச் சோம்பல்னு நினைக்கறதை விட்டுட்டேன். பொண்ணு லீவு போடறதில்லை. மலைப் படியில இப்ப ரெண்டு இடத்துல உட்கார்ந்து ஏறிடறேன்.

முடிவா சங்கத்துப் பெண்களுக்கு நான் சொல்றது இதுதான். அசதி எல்லாமே தைராய்டு இல்லை. ரத்த சோகை, சர்க்கரை, தூக்கம் இல்லாதது, மனக் கவலைன்னு எதுவும் இருக்கலாம், அதைப் பரிசோதனைதான் சொல்லும். ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் வாங்கிச் சாப்பிடாதீங்க. தைராய்டு மாத்திரை சாப்பிடற பெண் கர்ப்பமானா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். அப்ப அளவு பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும், வயித்துல இருக்கற பிள்ளையோட மூளை வளர்ச்சிக்கு அது தேவை.

இன்னொண்ணு. அந்த அரிசிப் பானை விவகாரத்துக்கு அப்புறம் எங்க சங்கத்துல ஒரு தீர்மானம் போட்டோம். தவணைப் பணம் யார் கையிலயும் தனியா ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது, ரெண்டு பேரா போய்க் கட்டணும். அதே நோட்டுல அடுத்த வரியில இன்னொரு தீர்மானமும் இருக்கு. மூணு கூட்டம் சேர்ந்தாப்ல வராத உறுப்பினருக்கு அபராதம் போடறதுக்கு முன்னாடி, ரெண்டு பேர் அவ வீட்டுக்குப் போய் "உடம்பு எப்படி இருக்கு?"ன்னு கேட்கணும். என்னை ஒருத்தர் வந்து கேட்டாங்க, அதனாலதான் இன்னைக்கு இந்த மேடையில நிக்கறேன். உங்க சங்கத்துலயும் அந்த ஒரு வரியை எழுதி வையுங்க.