கல்லும் பெண்ணும்: அகலிகை என்னும் பாத்திரம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



படைப்பாளிகள் தம் பாத்திரங்களின் வாயிலாகச் சமூகச் சிக்கல்களை எவ்வாறு ஆராய்கிறார்கள் என்பதே இன்றைய உரையின் பொருள். பொருள் பெரிது, நேரம் சிறிது. ஆகவே பல நூல்களைத் தொட்டுச் செல்லாமல், ஒரேயொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அவள் அகலிகை.

கற்பு என்றால் என்ன என்று ஒரு கட்டுரையாளர் தம் கருத்தைக் கூறலாம். நாம் அதனை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். கதாசிரியரோ கருத்தைக் கூறுவதில்லை. ஒரு மனிதப் பிறவியை நம்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். அப்பிறவிக்குப் பசி உண்டு, அச்சம் உண்டு, அயலார் பேச்சுக் காதில் விழும். கருத்தோடு நாம் வாதிடலாம். நம் கண்முன் துன்புறும் ஒருத்தியோடு அவ்வாறு வாதிட முடிவதில்லை. பாத்திரத்தின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

இதனைச் செய்ய எழுத்தாளருக்கு இரண்டு வழிகள் உள. ஒன்று, தம் காலத்து மனிதர்களையே பாத்திரமாக்குவது. நம் நாட்டில் கே. டானியல் 1972இல் வெளிவந்த ‘பஞ்சமர்’ நாவலில், சாதிக் கொடுமைக்கு முகங்கொடுத்த யாழ்ப்பாணத்து மாந்தரைப் படைத்தது இவ்வகை. மற்றையது, எல்லோருக்கும் தெரிந்த பழைய பாத்திரத்தை எடுத்து, அதனிடம் புதிய கேள்வியைக் கேட்பது. இரண்டாவது வழியில் ஒரு நுட்பம் உண்டு. பழைய பாத்திரத்தைப் பற்றி வாசகர் ஏற்கெனவே ஒரு தீர்ப்பை வைத்திருக்கிறார். எழுத்தாளர் கைவைப்பது அந்தத் தீர்ப்பிலேதான்.

அகலிகை கதை வால்மீகியின் பாலகாண்டத்தில் வருகிறது. அங்கே அவள், வந்தவன் முனிவர் வேடம் பூண்ட இந்திரன் என்று அறிந்தே இசைகிறாள். கௌதமர் இடும் சாபமும் கல்லாகும் சாபமன்று. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலிற் கிடந்து, எவர் கண்ணுக்கும் தென்படாமல் நெடுங்காலம் தவங்கிடக்க வேண்டும் என்பதே அச்சாபம். பின்னர் இராமனும் இலக்குவனும் வந்து அவள் பாதங்களைத் தொடுகிறார்கள்.

தமிழ் மரபோ அவளைக் கல்லாகவே கண்டிருக்கிறது. பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்தில் தீட்டப்பட்டிருந்த ஓவியங்களைக் கூறுமிடத்து, பூனையுருக் கொண்ட இந்திரனையும், கௌதமரையும், கல்லான அகலிகையையும் குறிப்பிடுகிறது. கோயிலுக்கு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக் காட்டிச் சொல்லுமளவுக்கு அக்கதை அக்காலத்திலேயே பரவியிருந்தது.

கம்பரிடம் வரும்போது நிலைமை சிக்கலாகிறது. கூடலின்போதே வந்தவன் கணவனல்லன் என்பதை அவள் உணர்கிறாள். ஆயினும் விலகவில்லை என்கிறார் கம்பர். கௌதமரின் கடுஞ்சொல்லால் கல்லாகிறாள். இராமனின் பாதத்துகள் பட்டு எழுகிறாள். வால்மீகியில் இராமன் அவள் காலைத் தொட்டான். கம்பரில் இராமனின் காற்றுகள் அவளைத் தொடுகிறது. இடையில் இராமன் தெய்வமாகிவிட்டான் என்பதை இந்த ஒரு மாற்றமே காட்டிவிடும். அதன்பின் விசுவாமித்திரர், உள்ளத்தாற் பிழை செய்யாதவள் இவள், ஏற்றுக்கொள்ளும் என்று கௌதமரிடம் கூறுகிறார். உணர்ந்தும் விலகாதவள் எவ்வாறு உள்ளத்தாற் பிழை செய்யாதவள் ஆவாள்? இந்த முரண் கம்பரின் தவறென்று நான் கருதவில்லை. உடலின் பிழையை வைத்து ஒரு பெண்ணை முழுவதும் எடைபோடலாமா என்ற ஐயம் அப்பெருங்கவிஞரின் நெஞ்சிலேயே இருந்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார், ச. து. சு. யோகியார் முதலிய பலர் அகலிகையைப் பாடினர். அவர்களுள் இப்பாத்திரத்தை இருமுறை தேடிச் சென்றவர் புதுமைப்பித்தன். 1934இல் அவர் எழுதிய ‘அகல்யை’ என்னும் கதையில் சாபமே இல்லை. மனிதனுள் உறங்கும் மிருகத்தை உணர்ந்த கௌதமர் மனைவியை மன்னித்துவிடுகிறார். அதோடு பிரச்சினை தீர்ந்ததாகவே தோன்றுகிறது. ஆனால் அவருக்கு அது தீரவில்லைப் போலும். 1943இல் ‘கலைமகள்’ இதழில் ‘சாபவிமோசனம்’ என்ற கதையை எழுதினார்.

பழைய கதை எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் இக்கதை வளர்கிறது. அகலிகை எழுந்துவிட்டாள். கணவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார். இனி என்ன? இனித்தான் அவள் வாழவேண்டும். கணவர் இயல்பாகச் சொல்லும் சொல்லிலும் வேறு பொருள் உண்டோ என்று அவள் மனம் துருவுகிறது. தண்ணீருக்குப் போகுமிடத்தில், இவள்தான் அந்த அகலிகை என்ற பேச்சுக் கேட்கிறது. முனிவர் மன்னித்தார், தெய்வம் மன்னித்தது, ஆற்றங்கரை மன்னிக்கவில்லை. மனம் விட்டுப் பழகச் சீதை ஒருத்தி இருப்பதே அவளுக்கு ஆறுதல்.

வனவாசம் முடிந்து சீதை திரும்பிவருகிறாள். தான் தீக்குளித்த செய்தியை அவள் வாயிலாகவே அகலிகை கேட்கிறாள். கணவன் கேட்டான், நான் செய்தேன் என்கிறாள் சீதை. உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்றும் சொல்லிச் சிரிக்கிறாள். தனக்கு விமோசனம் தந்த அதே இராமன் தன் மனைவிக்கு நெருப்பைக் காட்டினான் என்பதை அகலிகையால் தாங்க இயலவில்லை. தன்னை மன்னித்த நீதி ஒன்று, சீதையைச் சோதித்த நீதி வேறொன்றா? அன்றைக்கு அவள் மீண்டும் கல்லாகிறாள். இம்முறை எவரும் சபிக்கவில்லை.

நேயர்களே, இதே ஆசிரியர் ‘பொன்னகரம்’ கதையில் அம்மாளுவைப் படைத்தவர். ஆலையில் வேலை செய்பவள். கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவன் கேட்ட பால்கஞ்சிக்காக இருண்ட சந்துக்குள் ஒருவனோடு ஒதுங்கி முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். அங்கே வறுமை என்ற காரணம் இருக்கிறது. அது வறுமையின் கொடுமை என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். அகலிகை கதையில் அவ்வாறு தப்ப வழியில்லை. அங்கே வறுமை இல்லை, கொடியவர் எவரும் இல்லை. கௌதமர் நல்லவர், இராமன் நல்லவன். நல்லவர்கள் சூழ்ந்திருக்கவே ஒரு பெண் கல்லாகிறாள் என்றால் குற்றம் எங்கே? எல்லோரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருந்த அளவுகோலிலேயே குற்றம் இருக்கிறது. இதனைக் காட்டவே ஆசிரியருக்குப் பழைய பாத்திரம் தேவைப்பட்டது.

இவ்விடத்து ஆசிரியர் தொழில் செய்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பரீட்சைக்கு நாம் பாத்திரப் பண்பு என்று கற்பிக்கிறோம். வீரன், கொடையாளி, கற்புக்கரசி என்று ஐந்து பண்புகளை எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். கம்பரின் அகலிகைப் படலத்தைப் பற்றி உயர்தர வகுப்பிற் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, “சேர், சாபம் தீர்ந்து வீட்டுக்குப் போன பிறகு ஊர்ச்சனம் அவவை என்ன சொல்லியிருக்கும்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. ஆனால் புதுமைப்பித்தன் கேட்டதும் அதே கேள்விதான். பண்புகளை எண்ணிக் கற்றவனுக்கு அக்கேள்வி எழாது. பாத்திரத்தை உயிருள்ள மனுஷியாகக் கண்டவனுக்கே எழும்.

அக்கேள்வி புராணத்தோடு முடிவதுமில்லை. ஏதோவொரு துன்பத்துக்கு ஆளாகி வீடு திரும்பிய பெண்ணை நம் ஊர்கள் எப்படி வரவேற்கின்றன? பெற்றோர் அணைத்துக்கொள்வர், சட்டமும் குற்றமற்றவள் என்று சொல்லலாம். ஆயினும் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் பேச்சு ஓய்வதில்லை. பாவம் என்று இரங்கும் குரலிலேயே ஒரு சிறு கல் மறைந்திருக்கும். நாம் கொடியவர்களல்லர், நல்லவர்கள்தாம். கௌதமரும் நல்லவரே.

இவ்வாறே ஒரு பாத்திரம் காலந்தோறும் சமூகத்தின் உரைகல்லாகிறது. வால்மீகி அவளுடைய தவத்தைப் பார்த்தார். கம்பர் அவளுடைய உள்ளத்தைப் பார்த்தார். புதுமைப்பித்தன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நம்மைப் பார்த்தார். ‘சாபவிமோசனம்’ கதையை வாசித்தவர்கள் இன்னொருமுறை வாசியுங்கள். வாசிக்காதவர்கள் கம்பரின் அகலிகைப் படலத்தை முதலில் வாசித்துவிட்டு அதனை எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது, நாம் எந்தக் கரையில் நின்று அவளைப் பார்க்கிறோம் என்பது நமக்கே விளங்கும்.