கணக்குப் பார்ப்பது போன்; காரணம் கேட்பது மனிதர்!



மனச்சோர்வைக் கண்டுபிடிக்க வல்லது கையில் இருக்கிற ஸ்மார்ட்போனா, கூட இருக்கிற மனிதரா? எதிரணித் தலைவர் ‘போன்தான்’ என்றார். அவர் காட்டிய ஆதாரத்தை நான் மறுக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 28 பேர், 2 வாரம். எங்கெங்கே போனார்கள், எவ்வளவு நேரம் போனைத் தொட்டார்கள் என்று போனே கணக்கெடுத்தது. மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் நாளுக்குச் சராசரி 68 நிமிடம் போனில் இருந்தார்கள். இல்லாதவர்கள் 17 நிமிடம்.

நடுவர் அவர்களே, 68 நிமிடம் பார்த்தாலே சோர்வு என்றால், இன்றைக்கு எங்கள் தெருவில் ஒருத்தர்கூடத் தேறமாட்டார்! (சிரிப்பு)

2024-இல் டார்ட்மவுத் கல்லூரியார், போன் எடுத்த முகப் படங்களை வைத்துச் சோர்வைக் கணித்தார்கள். 75 சதவீதம் சரி. அப்படியானால் நாலில் ஒன்று தப்பு! பெற்ற தாய் தப்பாக நினைத்தால், “ஒண்ணுமில்லம்மா, தலைவலி” என்று சொல்லிவிடலாம். போன் தப்பாக எழுதி, அது வேலை கொடுக்கிறவர் கைக்குப் போனால், யாரிடம் போய்ச் சொல்வது?

பையன் நாலு நாளாக வெளியே போகவில்லை. போனுக்கு அது தெரியும். மூட்டுவலியா, பரீட்சையா, மனசு உடைந்ததா? அது தெரியாது. “ஏண்டா, சோறு இறங்கலையா? என்னப்பா ஆச்சு?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேணும்.

எதிரணிச் சகோதரி கேட்டார்: “வீட்டிலே ‘சோம்பேறி’ன்னுதானே திட்டுறாங்க?” உண்மைதான். ஆனால் திட்டுகிற வாய்க்கு மருந்து போன் அல்ல, கேட்கிற காது! சோகமும், எதிலும் பிடிப்பில்லாமையும் 2 வாரம் தொடர்ந்தால் அது சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

போனால் பயனே இல்லையா? உண்டு! 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு அதே போனில் 14416 அடிக்கலாம். கட்டணம் இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் பக்கம் ஆறுதலாகப் பேசுகிற ஆலோசகர் யார்? ஒரு மனிதர்! (கைதட்டல்)

ஆகவே, எத்தனை நிமிடம் என்று எண்ணுவது போன். ஏன் என்று கேட்பது மனிதரே!