ஏழாவது வந்த என் மகள்



சைக்கிள் பந்தயத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுறேன். எங்க ஊர்த் திருவிழாவில் ஒரு பந்தயம். நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். 40 பையன்கள் கட்டினார்கள், ஆகமொத்தம் 4,000. முதல் பரிசு 2,000, ரெண்டாவது 1,000, மீதி மைக் செட்டுக்கு. தோத்த பிள்ளைங்க காசுதான் ஜெயிச்சவனுக்குப் பரிசு. பெண் பிள்ளைகளுக்குப் பந்தயமே இல்லை.

செப்டம்பரில் அறிஞர் அண்ணா பிறந்தநாளுக்கு அரசு மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிக்குக் கட்டணம் கிடையாது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூணு பிரிவு. பரிசு 5,000, 3,000, 2,000. நாலாவதிலிருந்து பத்தாவது வரை ஆளுக்கு 250. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. கியர் சைக்கிள் கூடாது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளே போதும்.

போன வருஷம் பிளஸ் ஒன் படிக்கிற என் மகள் 15 கிலோமீட்டர் ஓட்டி ஏழாவதா வந்தாள். சைக்கிள் ஏத்திப்போன வண்டி வாடகை 600. "250-க்கு 600 செலவா?"ன்னு மாமியார் கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை.

அப்புறம் அந்த 250 அவள் பேங்க் கணக்கில் ஏறியது. அவள் உழைப்புக்கு வந்த முதல் வரவு. பாஸ்புக்கை மாமியாரிடமே முதலில் காட்டினாள்.

கட்டணம் இல்லாட்டியும் வண்டி வாடகைதான் நம்ம பிள்ளைகளைத் தடுக்குது. பத்துப் பிள்ளைகள் சைக்கிளை ஒரே வண்டியில் ஏத்தினால் ஆளுக்கு 60 ரூபாய்தான். வர்ற செப்டம்பருக்கு இப்பவே பேர் கொடுங்க.