நகைப்புக்கு எத்தனை தராசு?

(கோட்டூர்புரம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரும்பான்மையோரைக் கேலி செய்தால் கலை, சிறுபான்மையோரைக் கேலி செய்தால் குற்றமா? இரட்டைத் தராசு எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்! வரலாறு விடை சொல்லும்.

1960இல் பம்பாயில் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்', கேலிச் சித்திர வார ஏடு. சிரிக்கத்தான் வைத்தது முதலில். பிறகு, அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னாட்டார் பெயர்களைப் பட்டியலிட்டது. 1966இல் சிவசேனை பிறந்தது. லுங்கியைப் பழித்து முழக்கம் எழுந்தது. தென்னாட்டார் உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. ஏட்டிலே கேலி, வீதியிலே கல்!

இங்கோ, எம்.ஆர். இராதா இராமாயணத்தை மேடையில் நையாண்டி செய்தார். பெரும்பான்மையோர் போற்றும் காவியந்தான். போற்றியவர் எவரும் ஊரைவிட்டு ஓடவில்லை. 1954இல் நாடகங்களுக்குக் கடிவாளம் பூட்டும் சட்டம் வந்தது!

ஆகவே தராசு ஒன்றே. எடைக்கல்லும் ஒன்றே: சிரிப்பு ஓய்ந்தபின் அடி யார் முதுகில் விழும்?

அந்தத் தராசில் என்னையும் நிறுத்துகிறேன். என் முதல் நாடகத்திலே, தமிழைத் திக்கிப் பேசும் சேட்டு ஒருவன் வந்தான். கொட்டகை குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் வடநாட்டுச் சிறுவன் ஒருவன் மட்டும் தலைகுனிந்திருந்தான். இங்கே நாம் பலர், பம்பாயிலோ சிலர். அங்கே நம் பிள்ளையும் இப்படித்தானே குனிந்திருப்பான்!

மறுநாளே அவன் பேச்சைப் பழித்த வரிகளை வெட்டினேன். கடும் வட்டியைச் சாடிய வரிகளை வெட்டவில்லை. அவற்றுக்கு அந்தச் சிறுவனும் சிரிப்பான்!