பட்டறையில் பழகிய கைக்கும் சான்றிதழ் உண்டு



மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட மகன், சுங்கைப் பட்டாணியில் மோட்டார் சைக்கிள் பட்டறையொன்றில் சில ஆண்டுகளாகத் தொழில் பழகி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தை முழுவதும் கழற்றிப் பூட்டுவான். எனினும், கூலிமில் வேலைக்கு மனுச் செய்தால் சான்றிதழ் எங்கே என்பார்கள்.

மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலைப் பயிற்சியில் சேர எஸ்.பி.எம். தேவையில்லை, மலாய் பேசவும் எழுதவும் தெரிந்தால் போதும். பயிற்சிக் கட்டணத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் கடனுதவி கோரலாம்.

பலர் அறியாத வேறொரு வழியும் உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டப்படி, வகுப்புக்குச் செல்லாமலே, தொழில் அனுபவத்துக்கான ஆதாரங்களை மதிப்பீட்டாளரிடம் காட்டியும் அச்சான்றிதழைப் பெறலாம். பெண்மக்களுக்கும் இது பொருந்தும், தையலும் தொழில்தானே!

ஆகவே, சம்பளச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். பட்டறை முதலாளியிடம் இப்போதே ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.