கனவுக்கன்னிக்குப் பிந்தைய 36 ஆண்டுகள்

(நம் சமூகக் கூடத்தில் மாதக் கடைசிச் சனிக்கிழமை திரையிடலின்போது, 'ஹரிதாஸ்' படம் முடிந்ததும் குடியிருப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

படம் முடிந்த உடனே எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்கே முதலில் நன்றி. கால் மரத்துப் போனவர்கள் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். டீ வரும். அதற்குள் நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் இந்தச் சனிக்கிழமைத் திரையிடலைப் பற்றி ஒரு தீர்மானம் வருகிறது. பன்னிரண்டு பதின்மூன்று பேருக்காக மாலை நேரத்தில் கூடத்தை அடைத்து வைப்பானேன், டியூஷனுக்கு வாடகைக்கு விட்டால் பராமரிப்புச் செலவுக்கு ஆகுமே என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். நானும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவள். பதில் சொல்வதற்கு முன்னால், இன்று திரையில் ரம்பாவாக வந்தாரே, அந்த அம்மாவின் கதையைச் சொல்ல அனுமதியுங்கள்.

டி. ஆர். ராஜகுமாரி 1922-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ராஜாயி. இசைக் குடும்பம். பாட்டி குஜலாம்பாள் கச்சேரி செய்தவர். சித்தி எஸ். பி. எல். தனலட்சுமி அப்போதே சினிமாவில் நடித்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகத்தான் இவரும் படத்துக்கு வந்தார். தொடக்கப் படங்கள் பெயர் வாங்கித் தரவில்லை. இயக்குநர் கே. சுப்பிரமணியம் எடுத்த 'கச்ச தேவயானி' 1941-இல் வந்தது. ஒரே படத்தில் தமிழ்நாடு முழுக்க அவரைத் தெரிந்துகொண்டது. அடுத்த ஆண்டே மாடர்ன் தியேட்டர்ஸ் 'மனோன்மணி'யில் பி. யு. சின்னப்பாவுக்கு ஜோடி. 'கனவுக்கன்னி' என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அந்தப் பட்டம் பின்னால் எத்தனையோ பேருக்குக் கிடைத்தது. தமிழில் முதலில் அதைச் சுமந்தவர் இவர்தான்.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதரின் பாட்டு ஒரு காரணம். பாகவதரை மயக்குகிற ரம்பாவாக ராஜகுமாரி நின்ற நிற்பும் ஒரு காரணம் என்பதை இப்போது நீங்களே பார்த்தீர்கள். அவர் புருவத்தை உயர்த்தும்போது முன்வரிசையில் நம் சார் ஒருவர் விசிலடிக்கப் பார்த்தார். பேத்தி பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

அதே படத்தில் நடித்த பாகவதரின் கதை உங்களுக்குத் தெரியும். படம் ஓடிக்கொண்டிருந்தபோதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தார். பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. 1959-இல் காலமானார். பழைய நடிகர் நடிகையர் கதை என்றாலே நாம் இப்படி ஒரு சரிவைத்தான் எதிர்பார்க்கிறோம். உச்சத்தில் இருந்தார், எல்லாம் போயிற்று, கண்ணீர். கேட்பதற்கு நமக்கும் ஒரு ருசி இருக்கிறது. ராஜகுமாரியின் கதை அந்த அச்சில் விழாது.

1948 ஏப்ரலில் எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' வந்தது. ஐந்து ஆண்டுகளாகத் தயாரிப்பில் இருந்த படம். தமிழைத் தொடர்ந்து அதே ஆண்டில் இந்தியிலும் வந்து நாடெங்கும் ஓடியது. தலைப்பே கதாநாயகியின் பெயர். கோட்டைக்குள் கொண்டுபோன பெரிய பெரிய முரசுகளின் மேல் நடனம் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் குதித்து வருவார்கள். ராஜகுமாரிக்கு அப்போது வயது 25.

இங்கே என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா மரக்காணம் உப்பளக் குடும்பம். நாம் சென்னைக்குப் போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெள்ளை வெள்ளையாகக் குவியல் பார்க்கிறோமே, அந்தப் பாத்திகளில் விடிவதற்கு முன்னால் இறங்கி வேலை செய்தவர். 'சந்திரலேகா'வை டூரிங் டாக்கீஸில் மணல் மேல் உட்கார்ந்து பார்த்தாராம். முடிந்து வரும்போது நிலா வெளிச்சத்தில் உப்பளக் கரை மேல் பெண்கள் எல்லாம் முரசு நடனம் ஆடிக்கொண்டே வந்தார்களாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன்.

1963-இல் எனக்குப் பதின்மூன்று வயது. புதுச்சேரியில் 'பெரிய இடத்துப் பெண்' பார்க்க அம்மா கூட்டிப்போனார். எம்.ஜி.ஆர். படம். அதில் எம்.ஜி.ஆரின் அக்காவாக ஓர் அம்மா வந்தார். கைம்பெண் வேடம், அலங்காரம் எதுவும் கிடையாது. என் அம்மா என் காதில், "இவங்கதான் சந்திரலேகா" என்றார். நான் நம்பவில்லை. வீடு வரும்வரை வாதாடினேன். "சந்திரலேகா எப்படிம்மா இப்படி வருவாங்க? பாவம், என்ன ஆச்சு அவங்களுக்கு?" என்று கேட்டேன்.

அம்மா சொன்ன பதில் இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. "பாவம் என்னாடி பாவம்? உப்பு வார்றவளுக்கு வயசானா கரையில உக்காந்து கூடை எண்ணுவா. வேலைதான் மாறுது. ஆளு அதே ஆளுதான்."

வளர்ந்த பிறகு, நான் படித்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் அம்மாவின் அந்த வாக்கியத்தோடு பொருத்திப் பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது.

'சந்திரலேகா' வந்து ஆறே ஆண்டில், 1954-இல், 'மனோகரா' வந்தது. கலைஞர் வசனம், சிவாஜி மனோகரன், கண்ணாம்பா ராணி. ராஜாவைக் கைக்குள் போட்டுக்கொண்டு அரண்மனையை ஆட்டிவைக்கும் வசந்தசேனை வேடம் ராஜகுமாரிக்கு. அப்போது அவருக்கு 31 வயது. தமிழ்நாடே கனவு கண்ட நாயகி, ஊரே திட்டப்போகிற வில்லியாக வருகிறார். படம் பார்த்தவர்கள் வசந்தசேனையை இன்றும் மறக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு 'அன்பு' படத்தில் சிவாஜிக்கு இளவயதுச் சிற்றன்னையாக வந்தார். நாயகி வேடம் வரும்வரை காத்திருந்து ஏங்கியவர் இப்படி நடித்திருக்க மாட்டார். தனக்கு அடுத்தது என்ன என்று தெரிந்து வைத்திருந்தவர் இவர்.

நடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வேலையும் செய்தார். தம்பி டி. ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து ஆர். ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒலிப்பதிவிலிருந்து இயக்கத்துக்கு வந்தவர் ராமண்ணா. 1953-இல் 'வாழப்பிறந்தவள்'. 1954-இல் 'கூண்டுக்கிளி'. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் எது என்று வினாடி வினாவில் கேட்பார்களே, அதுதான். அதை எடுத்தது இந்த அக்காவும் தம்பியும். இத்தனை பெரிய ஜோடி இருந்தும் படம் ஓடவில்லை. அத்தோடு கம்பெனியை மூடிவிடவில்லை. அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து 'குலேபகாவலி' எடுத்தார்கள், அது நன்றாக ஓடியது. அதில் பகடையாட்டக்காரி லக்பேஷாவாக ராஜகுமாரியே நடித்தார். நான் பார்த்த 'பெரிய இடத்துப் பெண்'ணும் ஆர். ஆர். பிக்சர்ஸ் படம்தான். நான் 'பாவம்' என்று சொன்ன அந்தக் கைம்பெண் அக்கா, உண்மையில் அந்தப் படக் கம்பெனியின் சொந்தக்காரர்களில் ஒருவர்!

தியாகராய நகர் பாண்டி பஜாரில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டரும் கட்டினார். ராஜகுமாரி தியேட்டர். சென்னையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இறங்குவோம். இப்போது அந்தத் தியேட்டர் இல்லை, அந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டன. பெண்கள் பெயரில் வீட்டுப் பத்திரம் எழுதவே யோசித்த காலத்தில், ஒரு பெண் தான் உழைத்துச் சம்பாதித்த காசில் கட்டி, தன் பெயரையே விளக்குப் போட்டு எழுதி வைத்த கட்டடம் அது. நம் குடியிருப்பில் எத்தனை வீடுகளின் பத்திரத்தில் அம்மாக்களின் பெயர் இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் கேட்கப்போவதில்லை.

1963-இல் 'வானம்பாடி'யும் 'பெரிய இடத்துப் பெண்'ணும் வந்தன. அதோடு நடிப்பு முடிந்தது. வயது 41. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1999 செப்டம்பர் 20-ஆம் தேதி காலமானார். கணக்குப் போட்டால், திரையில் இருந்தது ஏறக்குறைய 25 ஆண்டு. திரையை விட்டபின் வாழ்ந்தது 36 ஆண்டு. அந்த 36 ஆண்டுகளில் மேடைகளிலும் பேட்டிகளிலும் அவரை அதிகம் காண முடியவில்லை. ஒதுங்கியே வாழ்ந்தார். 'ஏன் ஒதுங்கினார், என்ன சோகமோ' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போனார். சொந்தக் காசு இருந்தது, சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பேசாமல் இருப்பது அவர் உரிமை.

ஆனால் பேச விரும்புகிறவர்களும் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்க யார் இருக்கிறார்கள்? நான் முதலில் சொன்ன தீர்மானத்துக்கு இப்போது வருகிறேன்.

என் தளத்திலேயே ஓர் அம்மா இருக்கிறார். வயது 86. நமக்கெல்லாம் அவர் 'பி பிளாக் பாட்டி'. ஆறு வருடமாக அடுத்தடுத்த கதவு. லிஃப்ட்டில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா" என்பேன், "ஆச்சும்மா" என்பார். அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு முன் நோட்டீஸ் போர்டில் 'ஹரிதாஸ்' என்று பார்த்துவிட்டு என் வீட்டு மணியை அடித்தார். மண்ணடியில் பிறந்தவராம். ஏழு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு பிராட்வேயில் இந்தப் படத்தைப் பார்த்தாராம், அதன் மூன்றாவது தீபாவளிக்கு! பிறகு படித்து, சென்னைத் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் ஆபரேட்டராக முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தாராம். முதல் சம்பளத்தில் சக ஊழியர்களோடு போன தியேட்டர் எது தெரியுமா? ராஜகுமாரி. "பொம்பளை கட்டின கொட்டாய்ன்னு சொல்லிச் சொல்லிப் போவோம்" என்றார்.

ஆறு வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு இதில் ஒரு வரி தெரியாது. வெட்கமாக இருந்தது. நானும் அவரை, அந்தப் பதின்மூன்று வயதில் ராஜகுமாரியைப் பார்த்த மாதிரியேதான் பார்த்திருக்கிறேன். வயதான ஓர் அம்மா, அவ்வளவுதான் என்று.

அவர் இன்று இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான்கு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் வீட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறார் என்று அவர் மகன் சொன்னார்.

ஆகவே நான் கேட்பது இரண்டே இரண்டு. ஒன்று, டியூஷன் நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை, நான்கிலிருந்து ஏழு மணி வரை மட்டும் கூடத்தை எங்களுக்கு விட்டுவிடுங்கள். அந்த ஒரு நாள் வாடகை எவ்வளவோ, வருகிறவர்கள் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு, படத்துக்குப் பிறகு அரை மணி நேரம் நம் முதியவர்களில் ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பேசட்டும். நோயைப் பற்றி வேண்டாம், மருமகளைப் பற்றி வேண்டாம், பார்த்த வேலையைப் பற்றி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது போனில் பதிவு செய்து தந்தால் இந்த இதழிலேயே போடலாம். பேச விருப்பமில்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம்.

அடுத்த மாதம் 'மனோகரா'. பி பிளாக் அம்மா டிரங்க் கால் கதைகள் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டி வாருங்கள். பொதுக்குழுவுக்கும் மறக்காமல் வாருங்கள், கை தூக்க ஆள் வேண்டும்.

டீ வந்துவிட்டது.