டப்பாவின் பின்பக்கத்தையும் பாருங்கள்
(ஈப்போவில் மகளிருக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவரும் அல்ல, மருந்தாளரும் அல்ல. பல்கலைக்கழகத்தில் மொழி படித்தவள். மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் சுகாதாரக் குறிப்புகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. அதனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் என்னால் உரிமையோடு பேச முடியும். 'இயற்கை' என்பது அந்தச் சொல்.

என் சின்னம்மா மகள் திருமணத்துக்கு முன் ஒரு முகக் கிரீம் வாங்கினார். பெட்டியில் மஞ்சள் கிழங்கும் சந்தனக் கட்டையும் படமாக இருந்தன. இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. எல்லாரும் கேட்டார்கள், அவரும் பெருமையாகச் சொன்னார். நான்கு மாதம் கழித்துக் கிரீம் தீர்ந்தது. மூன்றாம் நாளே முகம் சிவந்து, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. மறுபடி வாங்கிப் பூசினார், அடங்கியது. நிறுத்தினால் திரும்ப வந்தது. கடைசியில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனபோது, இது ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் வெளியே தெரிந்தன.

"ஏன் சின்னம்மா இதை வாங்கினீங்க?" என்று கேட்டேன். "நல்ல தமிழ்ல எழுதியிருந்துச்சும்மா, நம்பி வாங்கிட்டேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. படிப்பு முடித்த புதிதில் ஒரு வியாபாரிக்கு நானும் அப்படி ஒரு பெட்டிக்குத் தமிழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'முற்றிலும் இயற்கையானது, பக்கவிளைவு அற்றது' என்று எழுதினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. சின்னம்மா வாங்கியது அந்தக் கிரீம் அல்ல. ஆனாலும் அந்த வரியை எழுதியவள் நான்தான்.

சரி, இயற்கை என்றால் என்ன? என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டில் தேங்காய் எண்ணெய், பாசிப்பயற்றுமாவு, மஞ்சள் தவிர அவருக்கு வேறு அழகுச் சாமான் கிடையாது. அவற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், அரைத்ததே அவர்தான். இயற்கை என்றால் சாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ரெங்காஸ் மரத்துப் பக்கம் போகாதே என்பார். அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துப் போகும். பால்மரப் பாலும் இயற்கைதான். அதில் செய்த கையுறையைப் போட்டால் சிலருக்கு அரிப்பு எடுக்கிறது, சிலருக்கு மூச்சே முட்டுகிறது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு நம் ஊர் வெயிலில் நடந்தால் தீக்காயம்போல் கொப்பளித்து, அந்த இடம் கறுத்துவிடும். வெள்ளையாக வேண்டும் என்று தேய்ப்பவர்களுக்குத்தான் இது நேர்கிறது!

பாதரசமும் மண்ணிலிருந்து எடுப்பதுதானே? தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது, அதனால் முகம் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. கர்ப்பிணி பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. அதன் ஆவி வீட்டில் பரவுவதால், பூசாத குழந்தைகள் உடம்பிலும் ஏறலாம். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் இதைக் கண்டறிந்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயிலேயே ஓர் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். பெரும்பாலோருக்குக் கிரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது. எது காரணம் என்று தெரிந்ததால்தான் நிறுத்த முடிந்தது.

நம் நாட்டில் அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கத் தடை உண்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் ஆகிய மூன்றும் மருந்துகள். டாக்டர் பார்த்துத் தர வேண்டியவை. முகக் கிரீமில் ஒளித்துக் கலக்கக் கூடாதவை.

இப்போது டப்பாவின் பின்பக்கத்துக்கு வருவோம். முன்பக்கத்தை என்னைப் போன்றவர்கள் எழுதுகிறோம், பின்பக்கத்துக்குச் சட்டம் இருக்கிறது. உட்பொருள் பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வரும், ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவை கடைசியில் வரும். செடிகளுக்கு லத்தீன் பெயர் போட்டிருப்பார்கள். கர்குமா லாங்கா என்றால் மஞ்சள், அசாடிராக்டா இண்டிகா என்றால் வேம்பு, கோக்கோஸ் நூசிஃபெரா என்றால் தேங்காய். படத்தில் பெரிதாக இருக்கும் மஞ்சள் பட்டியலின் அடியில் கிடந்தால் நீங்களே புரிந்துகொள்ளலாம். பட்டியலே இல்லாவிட்டால் வாங்காதீர்கள். தங்கம், வெள்ளி நகைகளில் படக்கூடாது என்று எச்சரிக்கை இருந்தால் அது பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம். தாலியில் படக்கூடாதது கழுத்தில் மட்டும் படலாமா?

அடுத்து அறிவிப்பு எண். என், ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கிக் கே என்ற எழுத்தில் முடியும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். வேறொரு பொருளின் பெயர் வந்தால் எண் திருட்டு எண். எண் சரியாக இருந்தாலும், அரசாங்கம் முன்கூட்டியே சோதித்துச் சான்று தந்துவிட்டது என்று பொருள் இல்லை. 2008 முதல் நடப்பில் உள்ள முறைப்படி நிறுவனம் பொறுப்பேற்று அறிவிக்கிறது. சந்தைக்கு வந்தபின் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். நச்சு கலந்திருந்தால் அறிவிப்பை ரத்து செய்து பெயரை வெளியிடுவார்கள். அந்தப் பெயர்ப்பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருந்தால்? சின்னம்மாவைப் போல், நிறுத்தியதும் எரிந்தால் பயந்து மறுபடி பூசாதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீரில் நுரை தங்கினாலும் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். டப்பாவை வெட்கப்பட்டுத் தூக்கிப் போடவும் வேண்டாம். பெட்டி, மூடி, ரசீதோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். எதைப் பூசினீர்கள் என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு எங்கே தேடுவது என்று தெரியும், என்.பி.ஆர்.ஏ.வுக்கும் புகார் போகும். சின்னம்மா பெட்டியைப் பொங்கலுக்கு முன் குப்பையில் போட்டுவிட்டார். அது எந்தக் கிரீம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கைப்பையில் ஏதாவது வைத்திருப்பவர்கள் எடுங்கள். திருப்பிப் பிடித்து வாசிப்போம்.